மூன்று ரேடியேட்டரும் ஒரு நியாயக் கூலியும்

பழைய மாணவி, செவிலியர், இங்கிலாந்து

"இங்கிலாந்திலிருந்து நம் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பு" என்று தலைமையாசிரியைச் சிஸ்டர் கேட்டபோது, தேம்ஸ் நதியைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோ எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அவற்றையெல்லாம் நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆகவே, அன்புத் தங்கையரே, எந்தப் படத்திலும் காண முடியாத ஒன்றை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பாதியில் நின்றுபோன குழாய் வேலையை முடித்துக் கொடுத்த ஒருவருக்கு எவ்வளவு கூலி கொடுப்பது நியாயம் என்று நானும் என் கணவரும் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கதை இது. இதில் கொஞ்சம் பௌதிகம் உண்டு. கொஞ்சம் கணக்கு உண்டு. மறைக்கல்வி வகுப்பில் படித்ததும் உண்டு.

குளிரும் ரேடியேட்டரும்

ரேடியேட்டர் என்றதும் லாரியின் முகப்பில் இருக்கும் ரேடியேட்டர்தான் உங்கள் நினைவுக்கு வரும். இஞ்சினின் சூட்டைத் தண்ணீர் சுமந்து வர, அந்தச் சூட்டைக் காற்றில் விடுவது அதன் வேலை. இங்கே வீடுகளில் உள்ள ரேடியேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. லாரிக்கு வேண்டாத சூடு வீட்டுக்கு வேண்டியிருக்கிறது என்பது ஒன்றே வேற்றுமை. ஜனவரி மாதத்தில் லண்டனில்கூட இரவு வெப்பநிலை 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடுவது வழக்கம். நாங்கள் இருப்பது இன்னும் வடக்கே. இங்கே வெப்பமூட்டும் ஏற்பாடு இல்லாத வீட்டில் கைக்குழந்தையையோ முதியவரையோ வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழிப்பது ஆபத்தானது.

ஏற்பாடு இதுதான். சமையலறைச் சுவரில் பாய்லர் என்னும் பெட்டி ஒன்று தொங்கும். அதில் எரிவாயு எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். ஒரு சிறு பம்ப் அந்தத் தண்ணீரை வீடு முழுவதும் ஓடவிடும். மரப்பலகைத் தளத்துக்கு அடியில் இரண்டு வரிசைச் செம்புக் குழாய்கள் செல்லும். சூடான தண்ணீரைக் கொண்டு போவது ஒன்று. ஆறிய தண்ணீரைத் திரும்பக் கொண்டு வருவது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே, ஒவ்வோர் அறையிலும், தட்டையான இரும்புத் தகட்டுப் பெட்டிபோல் ஒரு ரேடியேட்டர் சுவரில் மாட்டப்பட்டிருக்கும்.

ரேடியேட்டர் என்ற சொல்லுக்குக் கதிர்வீசுவது என்று பொருள். ஆனால் இப்பெட்டி தரும் வெப்பத்தில் பெரும்பகுதி கதிர்வீசலால் வருவதன்று. வெப்பச் சலனத்தால் வருவது. கண்ணாடிக் குடுவையின் அடியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகத்தைப் போட்டுச் சூடாக்கினால், ஊதா நிறம் மேலே எழும்பிப் பக்கவாட்டில் இறங்கி வருமே! நம் ஆய்வுக்கூடத்தில் பார்த்த அந்தக் காட்சிதான் இங்கே ஒவ்வோர் அறையிலும் காற்றில் நடக்கிறது. ரேடியேட்டரைத் தொட்ட காற்று சூடாகி மேலே போகிறது. குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது.

ஒரு சிறு கணக்கும் போடுவோம். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி தணியும்போது ஏறக்குறைய 4,200 ஜூல் வெப்பத்தை விடுகிறது. ஒரு ரேடியேட்டர் 1,000 வாட் வெப்பம் தர வேண்டும், அதற்குள் ஓடும் தண்ணீர் 10 டிகிரி தணிகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் அதற்குள் ஓடினால் போதும். எட்டு ரேடியேட்டர் இருந்தால் எட்டுக்கும் அதனதன் பங்கு போய்ச் சேர வேண்டும். தண்ணீரோ எளிய வழியைத்தான் தேடும். பாய்லருக்கு அருகில் உள்ள ரேடியேட்டர் முழுப் பங்கையும் விழுங்கிவிட, மாடியறையில் உள்ளது குளிர்ந்தே கிடக்கும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கூலிக் கணக்கில் இது வரும்.

பாதியில் நின்ற வேலை

2024ஆம் ஆண்டில் நாங்கள் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அதில் இருந்த வெப்பமூட்டும் குழாய்கள் துருப்பிடித்துப் பயனற்றுப் போயிருந்தன. புதிதாக எட்டு ரேடியேட்டர் பொருத்த மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 3,100 பவுண்டு என்றார்; ஒருவர் 2,900 என்றார்; மூன்றாமவர் 2,700 என்றார். பொருளும் கூலியும் சேர்ந்த விலை இது. பாய்லரைப் பொருத்தும் வேலை இதில் சேராது. எரிவாயு சம்பந்தப்பட்ட வேலையைப் பதிவு பெற்றவர் மட்டுமே இங்கே செய்யலாம். 2009 ஏப்ரல் முதல் அதற்கு 'கேஸ் சேஃப்' என்னும் பதிவேடு உண்டு. எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமில்லாத நச்சு வாயு உண்டாகி, உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. அந்த வேலைக்கு வேறொருவரிடம் தனியாகப் பேசியிருந்தோம்.

ஒரு பவுண்டு என்பது நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். 2,700 பவுண்டு என்று கேட்டதும் மனம் உடனே ரூபாயில் பெருக்கிப் பார்த்தது, வயிறு கலங்கியது. ஊரில் காய்கறி வாங்கும் பழக்கத்தில் பேரம் பேசி, மூன்றாமவரை 2,400க்கு இறக்கினோம். "முன்பணமாக 1,800 கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். அன்று இரவு, 300 பவுண்டு மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம்.

அவர் ஒரு வாரம் வேலை செய்தார். ஐந்து ரேடியேட்டர் சுவரில் ஏறின. மீதி மூன்றும் உறை பிரிக்காமல் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து நின்றன. பின்பு ஒரு நாள், "இன்னோரிடத்தில் அவசர வேலை" என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. அக்டோபர் முடிந்தது. எங்கள் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். படுக்கையறையில் ஒரு சிறு மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு மூவரும் அந்த ஓர் அறையிலேயே முடங்கினோம். சமையலறையில் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் சோறு வடித்தேன்.

மூன்று விலைகள்

வேலையை முடித்துத் தர மறுபடியும் ஆள் தேடினோம். மறுபடியும் மூன்று விலைகள் வந்தன.

முதலாமவர் வீட்டை வந்து பார்க்கவே இல்லை. "மூன்று ரேடியேட்டர்தானே? 500 பவுண்டு. ரொக்கமாகக் கொடுங்கள், காகிதம் ஒன்றும் வேண்டாம்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டாவது, ஒரு கம்பெனி. "மற்றவர் போட்ட குழாய்க்கு நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம். தளத்தைப் பெயர்த்துக் குழாய்களைப் புதிதாகப் போடுவோம்" என்று 2,100 பவுண்டு கேட்டார்கள். அதில் 350 பவுண்டு அரசாங்கத்துக்குப் போகும் மதிப்புக் கூட்டு வரி. இங்கே அந்த வரி 2011 ஜனவரி முதல் நூற்றுக்கு 20. ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் இந்த வரிக்குக் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2024 ஏப்ரலில் அந்த வரம்பு 90,000 பவுண்டாக உயர்ந்தது. தனியாளாக வேலை செய்யும் சிறு பிளம்பர்கள் பலர் அதற்குக் கீழே இருப்பதால் இவ்வரியை வாங்குவதில்லை. ஆகவே இரண்டு விலைகளை ஒப்பிடும்போது, வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாமவர் அறுபது வயதை நெருங்கிய ஓர் ஆங்கிலேயர். ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இன்றைக்கு என்னால் விலை சொல்ல முடியாது. தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அரை நாள் வந்து சோதித்துப் பார்க்கிறேன். அதற்கு 125 பவுண்டு. பார்த்தபின் எழுத்தில் விலை தருகிறேன். பிடிக்காவிட்டால் அந்த 125ஓடு என்னை விட்டுவிடுங்கள்" என்றார்.

வேலையைத் தொடங்காமலே 125 பவுண்டா என்று எங்களுக்குக் கசந்தது. ஆயினும், தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அம்மூவரில் அவர் ஒருவரே. அவரையே வரச் சொன்னோம்.

சோதனையில் வெளிப்பட்டது

அவர் குழாய்களின் திறந்த வாய்களை அடைத்து, வழக்கமாக வேலை செய்யும் அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தைக் கொடுத்து, அளவுகாட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். முள் மெல்ல மெல்ல இறங்கியது. எங்கோ கசிகிறது! மாடி நடைவழியில் பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தால், இரண்டு இணைப்புகள் சரியாகப் பற்றவைக்கப்படாமல் இருந்தன. 500 பவுண்டுக்காரர் வந்து மூன்று ரேடியேட்டரை மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தால், கீழ் அறையின் கூரை நனைந்து விழுந்திருக்கும்.

அன்று மாலையே எழுத்தில் விலை வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

சோதனை, அரை நாள்: 125 பவுண்டு.
மேலும் இரண்டரை நாள் கூலி, நாள் ஒன்றுக்கு 250 வீதம்: 625 பவுண்டு.
மூன்று ரேடியேட்டருக்கு வால்வுகள்: 90 பவுண்டு.
செம்புக் குழாயும் இணைப்புகளும்: 75 பவுண்டு.
குழாயைக் கழுவும் மருந்தும் துருத் தடுப்பு மருந்தும்: 45 பவுண்டு.
தாங்கிகள், திருகுகள், குழாய்க்கு உறை: 30 பவுண்டு.
ஆக மொத்தம்: 990 பவுண்டு.

என் கணவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "எட்டில் ஐந்து முடிந்துவிட்டது. முதல் ஆளுக்குக் கொடுக்காமல் நம் கையில் நிற்பது 600. மீதி வேலைக்கு 600தானே ஆக வேண்டும்? எப்படி 990 ஆகும்?" என்று கேட்டார். எனக்கும் அதே ஐயம்தான்.

இங்கேதான் நாங்கள் முதல் பாடத்தைக் கற்றோம். மிச்சமிருக்கும் பணம் வேறு, மிச்சமிருக்கும் வேலை வேறு. கையில் 600 நிற்பது நாங்கள் முன்பணத்தை எப்படிக் கொடுத்தோம் என்பதைத்தான் காட்டுமே தவிர, வேலையின் அளவைக் காட்டாது. எட்டில் ஐந்து என்ற கணக்கும் தவறு. ரேடியேட்டரைச் சுவரில் மாட்டுவது இவ்வேலையில் கண்ணுக்குத் தெரியும் பகுதி. எளிய பகுதியும் அதுவே. மீதியைக் கேளுங்கள்.

குழாய்களுக்குள் பற்றவைத்த பசையும் உலோகத் துகளும் கிடக்கும். முதலில் மருந்து கலந்த தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பின்பு நல்ல தண்ணீரை நிரப்பி, துருத் தடுப்பு மருந்தைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் இரும்பு அரித்து, கருப்புச் சேறாகி அடியில் தங்கிவிடும். தண்ணீர் சூடானால் விரியும். 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் கூடும். அந்தக் கூடுதலுக்கு இடம் கொடுக்க ஒரு கலம் உண்டு. அதன் அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு ரேடியேட்டரின் உச்சியிலும் ஒரு சிறு திருகு இருக்கும். அதைச் சாவியால் திறந்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும்.

இவ்வளவும் ஆனபின் வருவது, நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்ன பங்கீடு. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இரு பக்கமும் இரண்டு வால்வு. ஒன்று அறையின் சூட்டுக்கு ஏற்பத் தானே மூடிக்கொள்வது; அதன் தலையில் உள்ள சிமிழுக்குள் இருக்கும் பொருள் சூட்டில் விரிந்து வால்வை அழுத்தும். மற்றொன்று மூடி போட்ட வால்வு; இதைப் பிளம்பர்தான் திருப்புவார். பாய்லருக்கு அருகில் உள்ளதைக் கொஞ்சம் இறுக்கி, தொலைவில் உள்ளதைத் தளர்த்தி, வெப்பமானியை வைத்துப் பார்த்து, மறுபடி திருப்பி, எட்டுக்கும் பங்கு சரியாகப் போகும்வரை செய்ய வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்ற ஏழும் மாறும். இந்த வேலை மூன்று ரேடியேட்டருக்கு மட்டும் செய்வதன்று, எட்டுக்கும் செய்வது. இதில் கண்ணுக்குப் புலப்படும் பொருள் ஒன்றும் கூடுவதில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் குழந்தையின் அறை குளிர்ந்தே கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை முடித்துக் கொடுப்பவர் முன்னவர் செய்த குறைக்கும் பொறுப்பேற்கிறார். நாளைக்குக் கசிந்தால் நாங்கள் முதலில் யாரைக் கூப்பிடுவோம்? ஓடிப்போனவரையா? ஆகவே, பாதியில் நின்ற வேலையை முடிக்கும் கூலி, புது வேலையின் அதே பகுதிக்குரிய கூலியைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பே.

ஒரு நாள் கூலி யாருக்குப் போகிறது?

ஆனாலும் நாள் ஒன்றுக்கு 250 பவுண்டா என்ற கேள்வி எனக்குள் நின்றது. செவிலியரான என் ஒரு நாள் சம்பளத்தைவிட அது கூடுதல். நான் இரவெல்லாம் விழித்து நோயாளிகளைப் பார்க்கிறேன். இவர் குழாயைத் திருகுகிறார் என்று மனம் முணுமுணுத்தது. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். சில எண்கள் என் அனுமானமே. ஆனால் வழி சரியான வழி.

ஆண்டில் 52 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 260 வேலை நாட்கள். பொது விடுமுறை 8 நாள். சொந்த விடுமுறை 20. காய்ச்சல், தலைவலிக்கு 6. வீடு வீடாகப் போய் விலை சொல்வதற்கும், பொருள் வாங்குவதற்கும், வரிக்கணக்கு எழுதுவதற்கும் வாரத்துக்கு ஒரு நாள் வீதம் 46. ஆக 80 நாள் கழிந்தது. கூலி கிடைக்கும் நாட்கள் 180. அதை 250ஆல் பெருக்கினால் 45,000 பவுண்டு. அதில் வண்டி, டீசல், கருவிகள், காப்புறுதி, தொலைபேசி, பயிற்சி ஆகியவற்றுக்கு 12,000 போனால் மிஞ்சுவது 33,000. அதிலும் வருமான வரி உண்டு. எனக்கோ விடுமுறையிலும் சம்பளம் உண்டு, நோயுற்றாலும் உண்டு, பின்னாளில் ஓய்வூதியமும் உண்டு. அவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

கணக்கு முடிந்ததும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. ஒருவருடைய ஒரு நாள் கூலியை நம் ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிடுவது பிழை. ஓராண்டோடு ஓராண்டை ஒப்பிட வேண்டும். இது இரண்டாவது பாடம்.

சட்டமும் திருமறையும்

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டில் நுகர்வோர் உரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பணிக்கு வருபவர் போதிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அவ்வளவுதானா? விலையை முன்கூட்டிப் பேசியிராவிட்டால், வேலை செய்வித்தவர் நியாயமான விலையைக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. கடமை இருபுறமும் இருக்கிறது பாருங்கள்! உத்தேச மதிப்பீடு என்பது வேறு, உறுதி விலை என்பது வேறு என்பதையும் இங்கே கற்றுக்கொண்டேன். மதிப்பீடு ஏறலாம், இறங்கலாம். உறுதி விலையாக எழுதிக் கொடுத்து இருவரும் ஏற்றுக்கொண்டால், இருவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

நியாய விலை எது என்ற கேள்வி நம் திருச்சபைக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது பெரிய இறையியல் நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். வாங்குபவனுக்கு ஒரு பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக, விற்பவன் தனக்கு எந்த இழப்பும் இல்லாதபோது விலையை ஏற்றக் கூடாது. அந்தத் தேவை வாங்குபவனுடையது, அதை விற்கும் உரிமை இவனுக்கு இல்லை என்பது அவர் கருத்து. தனக்கு இழப்பு நேருமானால் அதைச் சேர்த்துக் கேட்கலாம் என்றும் அவர் ஒப்புகிறார். நவம்பர்க் குளிரில், கைக்குழந்தையோடு நடுங்கிக்கொண்டிருந்த எங்களிடம் அந்த ஆங்கிலேயர் 1,500 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். அவர் எங்கள் குளிருக்கு விலை வைக்கவில்லை. தம் உழைப்புக்கே விலை வைத்தார்.

மறுபக்கமும் உண்டு. 1891 மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், அதாவது 13ஆம் லியோ, தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். தொழிலாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது. ஒப்பந்தத்துக்கும் மூத்தது இயற்கை நீதி என்று அதில் போதித்தார். 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு அந்தத் திருத்தந்தையையும் அந்தச் சுற்றுமடலையும் முக்கியக் காரணமாகச் சொன்னார்.

இதைப் படித்தபோது என் மனம் குத்தியது. முதல் ஆள் செய்தது தவறுதான். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனதற்குச் சாக்கு இல்லை. அவருக்கு முறைப்படி கடிதம் எழுதினோம். பதில் வராவிட்டால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் மற்ற இருவர் 2,900, 3,100 என்று கேட்ட வேலையை 2,400க்கு இறக்கியபோது, "இந்த விலைக்கு இவர் எப்படிச் சரியாகச் செய்வார்?" என்று நாங்கள் ஒரு கணம்கூட நினைக்கவில்லையே! கூட்டிப் பாருங்கள்: 1,800உம் 990உம் 2,790. மிச்சம் பிடித்த 300 பவுண்டும் போயிற்று. தொடக்கத்தில் அவர் கேட்ட 2,700ஐயும் தாண்டிவிட்டது. கோபுரம் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்காமல், முடிக்க இயலாது நின்ற மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் சொல்லும் உவமை எங்களுக்காகவே சொன்னதுபோல் இருந்தது.

அந்த அரை நாள்

கதை இன்னும் முடியவில்லை. பிளம்பர் வந்தார், கசிந்த இணைப்புகளைச் சரிசெய்தார், மூன்று ரேடியேட்டரையும் மாட்டினார், கழுவினார், நிரப்பினார். பதிவு பெற்றவர் வந்து பாய்லரை ஓடவிட்டார். எட்டு ரேடியேட்டரும் ஒவ்வொன்றாகச் சூடேறின. ஆனால் இரண்டரை நாள் என்று எழுதியிருந்த வேலை இரண்டு நாளிலேயே முடிந்துவிட்டது. அரை நாள் கூலி 125 பவுண்டு. அதைக் கழித்துக் கொடுப்பதுதானே முறை என்றார் என் கணவர். எனக்கும் சபலம் தட்டியது. பணத்தை மறுநாள் அனுப்புகிறோம் என்று சொல்லி அவரை வழியனுப்பிவிட்டோம்.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். என் அப்பா நம் ஊரில் பிளம்பர் வேலை பார்த்தவர் என்பது மூத்த சிஸ்டர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'பிளம்பர்' என்ற சொல், ஈயத்தைக் குறிக்கும் 'பிளம்பும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று நம் வேதியியல் வகுப்பில் சொன்ன அன்று, வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னவள் நான். விஷயத்தைக் கேட்டு அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு நாள் ஆயிருந்தா, மேல அரை நாள் காசு குடுத்திருப்பியாம்மா?"

கொடுத்திருக்க மாட்டோம். "எழுதியது இரண்டரை நாள்தானே" என்று காகிதத்தைக் காட்டியிருப்போம். வேலை நீண்டால் நட்டம் அவருக்கு, குறைந்தால் லாபம் எங்களுக்கு என்றால், அது துலாக்கோல் ஆகுமா? உறுதி விலை என்று ஏற்றபின் நீளும் குறையும் இரண்டும் அவருடையவையே. அதுமட்டுமன்று. முப்பது ஆண்டு கற்ற கைப்பழக்கத்தால் சீக்கிரம் முடித்தவருக்குக் கூலியைக் குறைப்பது, திறமைக்கு அபராதம் போடுவது ஆகாதா?

அப்பா மேலும் ஒன்று சொன்னார். "காச நாளைக்குன்னு சொல்லாத. இன்னைக்கே அனுப்பிடும்மா. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லு."

எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, ஒரு வீட்டில் அப்பா முடித்துக் கொடுத்த வேலைக்கு மீதிக் கூலி வாங்க அவரோடு போயிருக்கிறேன். "நாளைக்கு வாப்பா" என்று நான்கு முறை சொன்னார்கள். நான்காம் முறை நாங்கள் திரும்பி நடந்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மாதம் என் பள்ளிக் கட்டணம் தாமதமாயிற்று. கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுவதன் பொருள் எனக்கு எந்த விளக்கமும் இல்லாமலே விளங்கும்.

அன்றிரவே 990 பவுண்டையும் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து, முன்பே எழுதிக் கொடுத்திருந்தபடி, அவர் ஒரு முறை வந்து ரேடியேட்டர்களில் சேர்ந்திருந்த காற்றை வெளியேற்றி, வால்வுகளைச் சிறிது திருத்திவிட்டுப் போனார். அதற்குப் பணம் கேட்கவில்லை. குழந்தை தன் அறையில் உறங்கத் தொடங்கினாள்.

தங்கையருக்குச் சில சொற்கள்

நம் ஊரில் ரேடியேட்டர் வேண்டியதில்லை. ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கவும், மோட்டார் பழுது பார்க்கவும், மின்கம்பி இழுக்கவும் ஆட்கள் நம் வீடுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் இல்லத்தின் வரவு செலவு உங்கள் கையில் இருக்கும். ஆகவே நான் பட்டுத் தெளிந்ததைச் சுருக்கித் தருகிறேன்.

வேலையைப் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள். கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையோ பெரும்பகுதியையோ முன்னதாகக் கொடுக்காதீர்கள். வேலை ஏறஏறப் பணமும் ஏறட்டும். பாதியில் நின்ற வேலைக்கு முதலில் சோதனைக் கூலி கொடுத்து, உண்மை நிலையை அறிந்துகொள்ளுங்கள். வேலையில் குறை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் கொடுத்துப் பெறும் சேவையில் குறைபாடு இருந்தால் முறையிட வழி செய்திருக்கிறது.

இவையெல்லாம் நாம் ஏமாறாமல் இருப்பதற்கு. நாம் பிறரை ஏமாற்றாமல் இருப்பதற்கு இரண்டே போதும். அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக, அந்த விலைக்கு நல்ல வேலை நடக்காது என்று தெரிந்தும் இறக்காதீர்கள். வேலை முடிந்ததும், "நாளைக்கு வா" என்று சொல்லாமல் கணக்கைத் தீருங்கள்.

நாசரேத்தில் புனித சூசையப்பர் தச்சு வேலை செய்து கூலி வாங்கித்தான் திருக்குடும்பத்தைக் காத்தார். அவரை உழைப்பாளரின் பாதுகாவலராக மே மாதம் முதல் நாளில் கொண்டாடும்படி 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் திருவிழா ஏற்படுத்தினார். அடுத்த முறை கருவிப்பையோடு ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அவர் வீட்டிலும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு சிறுமி இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும் இவ்வேளையில் வெளியே பனி பெய்கிறது. அறையில் ரேடியேட்டர் சூடாக இருக்கிறது. நம் பள்ளிக்கும் உங்கள் அனைவருக்கும் என் அன்பும் செபமும்.